இடைவேளையில் காணாமப்போன சத்தம்

எனக்குச் சந்தேக புத்தி ஜாஸ்தி. இதுல மறைக்க என்ன இருக்கு? பூட்டின கதவை மூணு தடவை இழுத்துப் பார்ப்பேன். டாக்டர் சிரிச்சுப் பேசினா, ரிப்போர்ட்டைத் தூக்கிட்டு இன்னொரு டாக்டர்கிட்ட போவேன். என் வீட்டுக்காரர் உயிரோட இருந்தவரைக்கும், "ஸ்பாசியா, நீ போலீஸ்ல இருக்க வேண்டியவ"ன்னு சொல்லுவார்.

போலீஸ்ல சேரல. எங்க ஊர் பிதோலாவுல, தபால் ஆபீஸுக்குப் பின்னாடி மூணாவது மாடியில ஒரு சின்ன ஆபீஸ்ல இருபது வருஷமா உக்காந்திருக்கேன். வேலை இதுதான்: ஹேண்ட்பால் மேட்ச் இன்டர்நெட்ல நேரலையா ஓடும். அதைக் கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணணும். கமென்ட்ரி சொல்றவன் விளம்பரம் குடுத்த கம்பெனி பேரை எத்தனை தடவை சொன்னான், எந்த நிமிஷத்துல சொன்னான்னு அப்புறமா கேட்டுக் கேட்டு எழுதிக் குடுக்கணும். மேட்ச் முடிஞ்சதும் சேனல்காரன் அழிச்சுடுவான், ரெண்டாவது சான்ஸே கிடையாது. படம் கொஞ்சம் மங்கலா இருந்தா சமாளிச்சுக்கலாம். சத்தம் இல்லேன்னா எங்க பிழைப்பே இல்லை.

அந்தச் சத்தம்தான் ஜனவரி நடுவுல போக ஆரம்பிச்சுது.

முழுசா போயிருந்தாக்கூட பரவாயில்ல. நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு கமென்ட்ரிக்காரன் வாய் அடைச்ச மாதிரி ஒரு அமைதி. பந்து ஓடுது, ஆளுங்க குதிக்கிறாங்க, ஒரு சத்தம் இல்ல. ஒரு நிமிஷம், இல்ல அதுக்குக் கொஞ்சம் கம்மி. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்பி வரும். எங்க பெரிய வாடிக்கையாளர் ஒரு பாட்டில் தண்ணி கம்பெனி. அவங்க பேரைச் சொல்ற இடத்துலயே ரெண்டு தடவை இப்படி ஆச்சு. "நாங்க டிவியில கேட்டோம், உங்க கணக்குல காணோமே"ன்னு அவங்க கேட்டாங்க. எங்க முதலாளி ஸ்லாவ்கோ மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துப் போச்சு.

நான் என்னென்ன பண்ணலை. பிரவுசரை மாத்தினேன். பதிவு பண்ற சாஃப்ட்வேரை அழிச்சுட்டு மறுபடி போட்டேன். மைக்கை எடுத்துக்காத, கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற சத்தத்தை மட்டும் எடுத்துக்கோன்னு செட்டிங் வச்சிருக்கான்னு பத்து தடவை பார்த்தேன். ஒரு நொடிக்கு எத்தனை துண்டா சத்தத்தை வெட்டணும்னு ஒரு நம்பர் இருக்கு, அது ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லேன்னா சத்தம் இழுக்கும். அதையும் ஒண்ணாக்கினேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. எல்லாம் சரியா இருந்தும் ஒண்ணு கெட்டா, கெடுக்கிற கை ஒண்ணு இருக்குன்னுதானே அர்த்தம்?

அந்த ரூம்ல ரெண்டே பேர். நான் ஒருத்தி, பிஸெரா ஒருத்தி.

பிஸெராவுக்கு முப்பத்தஞ்சு வயசு. ரெண்டு பொண்ணுங்க. புருஷன் மூணு வருஷத்துக்கு முன்னாடி ஸ்லோவேனியாவுக்கு லாரி ஓட்டப் போனவன், அங்கயே இன்னொரு குடும்பம் பண்ணிக்கிட்டான். இவ மாமியார் வீட்லயே இருந்துக்கிட்டு வேலைக்கு வர்றா. வேலை போச்சுன்னா என்ன பண்ணுவேன்னு அவளே ஒரு நாள் காபி குடிக்கும்போது சொன்னா: "மால்டாவுக்குத்தான் போகணும் அக்கா. என் தோழி அங்க ஹோட்டல்ல பெட்ஷீட் மாத்துறா. வர்றியான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. பிள்ளைங்களை மாமியார்கிட்ட விட்டுட்டுப் போகணும்." அவ ஒப்பந்தம் வருஷா வருஷம் பிப்ரவரி கடைசியில புதுப்பிக்கிறது. அதனால பிப்ரவரி வந்தாலே அவ சரியாச் சாப்பிட மாட்டா.

பாவம்தான். ஆனா பாவப்பட்டவங்க தப்பு பண்ண மாட்டாங்கன்னு எங்க எழுதியிருக்கு? நான் ஒரு நோட்டு போட்டேன். சத்தம் போன நேரம் ஒரு பக்கம், அப்ப ரூம்ல யார் இருந்தாங்கன்னு ஒரு பக்கம். நான் வெளியில இருந்த நேரம் நாலு. ரெண்டு பேரும் இருந்த நேரம் ஏழு. அவ இல்லாம நான் மட்டும் இருந்த நேரம்? ஒண்ணுகூட இல்ல. இதுக்கு மேல சாட்சி வேணுமா? இன்னொண்ணு. ஜன்னல்கிட்ட குளிருதுன்னு பதிவு பண்ற கம்ப்யூட்டர் பக்கத்து மேசைக்கு அவ மாறி வந்தது ஜனவரி ரெண்டாவது வாரம். சத்தம் போக ஆரம்பிச்சதும் அதே வாரம். அதுக்கும் மேல, அவ அண்ணன் வேலை பார்க்கிறது வேற ஒரு தண்ணி கம்பெனியில. கேட்டா, "அவன் கிடங்குல மூட்டை தூக்குறான் அக்கா"ன்னு சிரிக்கிறா. அந்தச் சிரிப்பே எனக்குச் சரியாப் படலை.

அதுலேர்ந்து அவகிட்ட வேலைக்குத் தேவையானதைத் தவிர ஒரு வார்த்தை பேசறதில்ல. அவ அனுப்புற மெசேஜைத் திறக்கக்கூட மாட்டேன்.

அவ என்ன பண்றான்னு கண்டுபிடிக்க முடியலைங்கிறதுதான் எரிச்சல். மேசையில உக்காந்து, அவ ஹெட்போனை மாட்டிக்கிட்டு, அவ கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சுக்கிட்டு இருப்பா. பதிவு பண்ற கம்ப்யூட்டர் மூலையில தனியா ஓடும். அதுக்கு ஸ்பீக்கர் கிடையாது, ஒரு ஹெட்செட் மட்டும் பக்கத்துல ஆணியில தொங்கும், எப்பவாவது சோதிச்சுப் பார்க்க. திரையில ஓரமா ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும். கோடு குதிச்சா சத்தம் ஏறுதுன்னு அர்த்தம், படுத்துட்டா சத்தம் இல்ல. போனும் ரூமுக்குள்ள வராது. அது நான் போட்ட சட்டம். பழைய காலத்துல போன் அடிச்சா டர்ர்ர்னு ஒரு இரைச்சல் பதிவுல ஏறிடும். இப்ப வர்ற போன்ல அதெல்லாம் இல்லன்னு சொல்றாங்க. சொல்லிக்கட்டும். காலையில வந்ததும் ரெண்டு பேர் போனும் சமையலறை இழுப்பறைக்குள்ள போயிடணும்.

அப்புறம் வந்துச்சு மன்னிப்பு ஞாயிறு.

அன்னைக்கு எங்க ஊர்ல போன் சும்மா இருக்காது. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற பெரிய நோன்பு தொடங்குறதுக்கு முந்தின நாள். சின்னவங்க பெரியவங்களைத் தேடிப் போயி, இல்லேன்னா போன் பண்ணி, "மன்னிச்சுக்கோங்க"ன்னு கேக்கணும். பெரியவங்க "மன்னிச்சாச்சு"ன்னு சொல்லணும். ஒரு வருஷத்துப் பேச்சு, ஏச்சு எல்லாம் அதோட தீர்ந்துது. நான் ஆறு பிள்ளைங்களுக்கு ஞானத்தாய், ஒன்பது பேருக்குச் சித்தி, பெரியம்மா. கேக்கணுமா? மத்தியானத்துலேர்ந்து அடிச்சுக்கிட்டே இருக்கு. ஒரு கையில மாவு, ஒரு கையில போன், "மன்னிச்சாச்சு கண்ணு, மன்னிச்சாச்சு, அம்மா எப்படி இருக்கா"ன்னு கேட்டுக்கிட்டே சீஸ் வச்ச பை பலகாரம் செய்யறேன்.

அன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு முக்கியமான மேட்ச். பிஸெரா தனியா வேலைக்குப் போயிருந்தா. இடைவேளையில தண்ணி கம்பெனி ஒரு பெரிய பரிசு அறிவிக்கப் போறாங்க, கமென்ட்ரிக்காரன் அவங்க எழுதிக் குடுத்ததை அப்படியே படிக்கப் போறான். அதைப் பதிவு பண்ணிக் காட்டணும். "இந்தத் தடவை தவறிச்சுன்னா நாங்க வேற இடம் பார்த்துக்கிறோம்"னு சொல்லியே அனுப்பியிருந்தாங்க.

நாலே முக்காலுக்கு என் போன் அடிச்சுது. பார்த்தா பிஸெரா. நான் எடுக்கலை. இவளும் சம்பிரதாயம் பண்றாளோ, செய்யறதையும் செஞ்சுட்டு ஒரு மன்னிப்பு கேட்டாப் போதுமோன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அடிக்கட்டும்னு போனை மேசையில மல்லாத்திப் போட்டுட்டு, அது அடிச்சு ஓயுற வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னேன்.

திங்கக்கிழமை காலையில ஸ்லாவ்கோ எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டான். ஸ்லாவ்கோ நாப்பத்தஞ்சு வயசு ஆளு. அவங்கப்பா காலத்துலேர்ந்து நான் அங்க இருக்கேன், அதனால நீ, வா, போன்னுதான் பேசுவேன். அவன் என்னை அக்கான்னுதான் கூப்பிடுவான். மேட்ச் பதிவைத் திரையில போட்டான். சத்தம் மலை மலையா ஏறி இறங்குது. நடுநடுவுல யாரோ கத்தரியால வெட்டி எடுத்த மாதிரி தட்டையா ஒரு கோடு. எண்ணினோம். ஒன்பது இடம். எட்டு இடத்துல பத்துப் பதினஞ்சு நொடிதான். ஒன்பதாவது ஐம்பத்திரண்டு நொடி. சரியா இடைவேளையில, அந்தப் பரிசு அறிவிப்பு மேலேயே.

"ஒன்பது தடவை," ஸ்லாவ்கோ சொன்னான். "இதுவரைக்கும் ஒரு மேட்சுக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. நேத்து ஒன்பது. நேத்து யார் இருந்தது?"

"நான்தான்," பிஸெரா சொன்னா. "கோடு படுக்கிறதை நானே ரெண்டு தடவை பார்த்தேன் சார். எழுந்து போறதுக்குள்ள மறுபடி குதிக்க ஆரம்பிச்சுது. நான் எதையும் தொடலை."

"தொடாம எப்படிம்மா தானா படுக்கும்?" நான் கேட்டேன். "அதென்ன, சரியா பரிசு சொல்ற நேரத்துக்குத் தூக்கம் வந்துடுச்சோ?"

"அப்ப நான் ரூம்லயே இல்லக்கா. சமையலறையில இருந்தேன்."

"கேட்டுக்கோ ஸ்லாவ்கோ. பதிவு ஓடும்போது இவ சமையலறையில இருந்தாளாம். போன்ல இருந்தா. எனக்குத்தான் போட்டா. மன்னிப்பு கேக்க. எதுக்கு மன்னிப்பு? உறுத்துச்சு, அதான்."

நோட்டை எடுத்து மேசையில போட்டேன். ஸ்லாவ்கோ ஒவ்வொரு பக்கமாப் புரட்டினான். பிஸெரா என்னைப் பார்த்துக்கிட்டு இருந்தா. அழுவான்னு நினைச்சேன், அழலை. ஏதோ சொல்ல வாயெடுத்தா, அதுக்குள்ள ஸ்லாவ்கோ கையைக் காட்டிட்டான்.

"கம்பெனிக்காரங்களுக்கு நான் ஒரு பதில் சொல்லணும் பிஸெரா. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலை. உன் வேலை முடிஞ்சுதுன்னு வெள்ளிக்கிழமை கணக்காளர் தொழிலாளர் ஆபீஸுக்குக் காகிதம் அனுப்பிடுவார். இனிமே நீ வர வேண்டாம்."

"இந்த நோட்டுல இருக்கிறதை மட்டும் வச்சா?" அவ கேட்டா.

ஸ்லாவ்கோ நோட்டை மூடி என் பக்கம் தள்ளினான். அவ கோட்டை மாட்டிக்கிட்டு, சமையலறை இழுப்பறையிலேர்ந்து போனை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. கதவைக்கூட மெதுவாத்தான் சாத்தினா. எனக்கு அன்னைக்கு மத்தியானம் நோன்பு பீன்ஸ் நல்லா இறங்கிச்சு. ஏன் பொய் சொல்லணும்?

புதன்கிழமை ஒரு மேட்ச். ரூம்ல நான் ஒருத்திதான். கதவைப் பூட்டிக்கிட்டு உக்காந்தேன். முடிஞ்சதும் பதிவைத் திறந்து பார்த்தா, பதினெட்டாவது நிமிஷத்துல தட்டையா ஒரு கோடு. நாப்பத்தொன்பது நொடி.

அப்பவாவது புத்தி வந்திருக்கணும். வரலை. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? போறப்ப கம்ப்யூட்டருக்குள்ள எதையோ வச்சுட்டுப் போயிருக்கான்னு நினைச்சேன். படுபாவி, போயும் விடலையேன்னு வாய்விட்டே திட்டினேன். சாந்தே அண்ணனுக்குப் போன் பண்ணி, "அண்ணே, நாளைக்கு வாங்க, அவ என்ன வச்சிருக்கான்னு நோண்டி எடுத்துக் குடுங்க"ன்னேன்.

சாந்தே அண்ணன் ரேடியோ நிலையத்துல இன்ஜினியரா இருந்து ஓய்வு வாங்கினவர். யார் சொல்றதையும் நம்ப மாட்டார், அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். வியாழக்கிழமை காலையில வந்து, கம்ப்யூட்டரை ஒரு மணி நேரம் துருவினார்.

"யாரும் ஒண்ணும் வைக்கலை," அப்படின்னார்.

"நல்லாப் பார்த்தீங்களா?"

"நீயே வந்து பாரேன். எதைத் தேடறேன்னு உனக்குத்தான் தெரியும்போல இருக்கே."

ஏதோ ஒரு நேரலையைப் போட்டு விட்டுட்டு பச்சைக் கோட்டுக்கு முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டார். நான் காபி போடப் போனேன். தண்ணி கொதிக்கிற நேரம் இழுப்பறைக்குள்ள என் போன் அடிக்க ஆரம்பிச்சுது. ஓஹ்ரிட் ஊர்லேர்ந்து என் தங்கச்சி ஒலிவேரா. ஒரு நாளைக்கு மூணு தடவை கூப்பிடுவா, வேலை நேரம்னு அவளுக்குக் கிடையாது. இழுப்பறையைத் திறந்து வெட்டி விட்டேன்.

"ஸ்பாசியா," உள்ளேர்ந்து சாந்தே அண்ணன் கூப்பிட்டார். "இப்ப என்ன பண்ண நீ?"

"காபி போடறேன்."

"வேற என்ன?"

"தங்கச்சி போன் பண்ணா, வெட்டினேன்."

அவர் தன் பாக்கெட்லேர்ந்து போனை எடுத்தார். சமையலறையில என் போன் மறுபடி அடிச்சுது, அவரோட பேர். "எடுக்காத, இங்க வா"ன்னார். போய்ப் பார்த்தேன். நேரலையில ஆளு வாயசைக்கிறான், பச்சைக் கோடு செத்துக் கிடக்கு. சாந்தே அண்ணன் ஆணியில தொங்கின ஹெட்செட்டை எடுத்து என் காதுல வச்சார். உள்ள மணி அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"உன் மெசேஜ் ஆப்பு இந்தக் கம்ப்யூட்டர்ல திறந்திருக்கு. அதுல உனக்கு வர்ற கால் இங்கயும் அடிக்குது," அப்படின்னார். "யாரு போட்டது?"

யாரு போடுவா? நான்தான். ஜனவரியில தண்ணி கம்பெனிக்காரங்க, "ஈமெயில் வேண்டாம், துண்டுதுண்டா மெசேஜ்லயே அனுப்புங்க"ன்னு கேட்டாங்க. தினமும் போனுக்கு மாத்தி அனுப்புறது தொல்லைன்னு, என் கணக்கை இங்கயே திறந்து வச்சேன். அறிவிப்பு திரையில வந்தா படப் பதிவுல விழுமேன்னு அதையும் நானே நிறுத்தி வச்சேன். எனக்கு எல்லாரும் அந்த ஆப்புலதான் கூப்பிடுவாங்க. மணிச்சத்தம் ஹெட்செட்டுக்குப் போகுது, அதை யாரும் மாட்டறதில்ல. பதிவு வேற வழியில போகுது. யாருக்கும் கேக்காது, யாருக்கும் தெரியாது.

சாந்தே அண்ணன் சத்தத்துக்கான செட்டிங்கைத் திறந்தார். கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு கேள்வி: கால் வந்தா மத்த சத்தங்களை என்ன செய்யணும்? குறைக்கணுமா, மொத்தமா அடைக்கணுமா, ஒண்ணும் செய்ய வேண்டாமா? 'மொத்தமா அடைக்கணும்'ல புள்ளி இருந்துச்சு.

"நல்ல கம்ப்யூட்டர்," அவர் சொன்னார். "ஒருத்தர் கூப்பிட்டா, மத்தவங்க எல்லாரும் வாயை மூடுங்கன்னு மரியாதையாச் சொல்லியிருக்கு." புள்ளியை 'ஒண்ணும் செய்ய வேண்டாம்'னு இருக்கிற இடத்துக்கு மாத்தினார். மறுபடி எனக்குப் போன் போட்டார். கோடு குதிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஆறு வாரப் பிரச்சினை, ரெண்டு நொடி வேலை.

அவர் போனதும் என் போனை முதல் தடவையா அந்த ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போனேன். நோட்டைத் திறந்தேன். கால் வந்த நேரத்தையும், சத்தம் போன நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். ஒலிவேரா. ஒலிவேரா. பல் டாக்டர். ஒலிவேரா. நான் மட்டும் ரூம்ல இருந்தப்ப ஏன் ஒண்ணும் ஆகலைன்னும் புரிஞ்சுது. நான் தனியா இருந்ததே மொத்தம் ரெண்டு நாள், அவ பிள்ளைக்குக் காய்ச்சல்னு லீவு போட்ட ரெண்டு நாள். அன்னைக்கு எனக்கு யாரும் கூப்பிடலை. அவ்வளவுதான் என் சாட்சி.

ஞாயித்துக்கிழமைக்கு வந்தேன். ஞானமகன் ரிஸ்டே, பன்னிரண்டு நொடி. லென்கா, பத்து நொடி, அவளுதைச் சட்டுனு எடுத்துட்டேன். கையில மாவு இருந்ததால வாங்கேல் பதினஞ்சு. ஒவ்வொருத்தர் மன்னிப்புக்கும் ஒரு வெட்டு. கடைசியில பிஸெரா. ஐம்பத்திரண்டு நொடி. நான் எடுக்காம பார்த்துக்கிட்டே நின்ன அத்தனை நொடியும் பதிவுல அப்படியே இருந்துச்சு. எடுத்திருந்தா பரிசு அறிவிப்பு பாதியாவது பிழைச்சிருக்கும்.

அநியாயமாச் சந்தேகப்பட்டவ நான், நியாயமா நான்தான் கேக்கணும். ஆனா வயசுல சின்னவன்னு முறைப்படி அவ கூப்பிட்டிருக்கா. மூணு வாரமா மூஞ்சி குடுக்காத ஒருத்திகிட்ட மன்னிப்புக் கேக்க, வேலைக்கு நடுவுல சமையலறைக்குப் போய் போனை எடுத்திருக்கா. அந்த மன்னிப்பையே எடுத்து அவ கழுத்துக்குக் கயிறா மாட்டி விட்டேனேன்னு நினைச்சு நினைச்சு அழுதேன்.

ஸ்லாவ்கோகிட்ட போய்ச் சொன்னேன். ஒண்ணு விடாமச் சொன்னேன். கேட்டுட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"சாந்தே அண்ணனுக்கு."

"அவர் பேச மாட்டார். பாருக்கா, தப்பு செஞ்ச ஆளை நீக்கிட்டோம்னு கம்பெனிக்காரங்களுக்குத் திங்கக்கிழமையே எழுதிட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க. இப்ப போய், அது இல்ல, வேற ஆளுன்னு சொன்னா சிரிப்பாங்க. இனிமே சத்தம் போகாது இல்ல? விடு."

"பிஸெரா?"

"உனக்கு ஓய்வுக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கு. யோசிச்சுக்கோ."

யோசிச்சேன். நான் ஒண்ணும் புனிதவதி இல்ல. ஐம்பத்தி நாலு வயசுல பிதோலாவுல எனக்கு வேற எவன் வேலை குடுப்பான்? படி இறங்கும்போதே ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருந்தேன். நேரா அவ வீட்டுக்குப் போவோம், மனசாரக் கேட்டுடுவோம், அவ நல்ல பொண்ணு, மன்னிச்சுடுவா. வேலை விஷயம் மெதுவாப் பார்த்துக்கலாம், எங்கயாவது சொல்லி விடலாம்னு. கால் கிலோ காபிப்பொடியும் ஒரு பொட்டலம் சர்க்கரையும் வாங்கிக்கிட்டு சாயங்காலம் போனேன்.

அவதான் கதவைத் திறந்தா. பின்னாடி கூடத்துல ஒரு பெட்டி திறந்தபடி கிடந்துச்சு, ஸ்வெட்டரெல்லாம் மடிச்சு அடுக்கியிருந்துச்சு. மாமியார் பிள்ளைங்களை உள் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

"உக்காருங்க"ன்னா. அக்கான்னு சொல்லலை.

நான் எல்லாத்தையும் சொன்னேன். ஆப்பு, ஹெட்செட், அந்தப் புள்ளி, ரிஸ்டே, லென்கா, எல்லாம். அவ குறுக்கே பேசவே இல்ல. கடைசியில அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"பெரியவ சின்னவகிட்ட கேக்கிற வழக்கம் கிடையாது, தெரியும். ஆனாலும் கேக்கறேன். மன்னிச்சுடு பிஸெரா. அன்னைக்கு நீ மன்னிப்புக் கேக்கக் கூப்பிட்டப்ப நான் எடுத்திருக்கணும்."

அவ கையை உருவிக்கிட்டா.

"நான் எதுக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்?"

எனக்குப் புரியலை.

"நான் என்ன தப்பு பண்ணேன், உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க? கோடு படுத்துப் படுத்து எழுந்திரிச்சுது. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. பரிசு அறிவிப்பு வேற வரப் போகுது. உங்களுக்குத்தான் அந்த மெஷின் தெரியும். என்ன பண்ணட்டும்னு கேக்கத்தான் ஓடிப்போய் போனை எடுத்தேன். மெசேஜ் போட்டா நீங்க திறக்கறதில்ல. சரி, கூப்பிட்டா எடுத்துடுவாங்கன்னு நினைச்சேன். எடுங்க, எடுங்கன்னு சொல்லிக்கிட்டே நின்னேன்."

"திங்கக்கிழமை ஏன் சொல்லலை?"

"சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்பு கேக்கத்தான் கூப்பிட்டான்னு நீங்களே முடிச்சுட்டீங்க. அதுக்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் காபிப்பொடிப் பொட்டலத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். சந்தேகப்பட்டப்பவும் அவளை நான் கேக்கலை, அழுதப்பவும் கேக்கலை. ரெண்டு தடவையும் நானே கதை கட்டிக்கிட்டேன்.

"ஸ்லாவ்கோ சார்கிட்ட சொல்லிட்டீங்களா?" அவ கேட்டா.

"சொல்லிட்டேன். விட்டுடுன்னான்."

"நீங்க விட்டுட்டீங்க."

"பிஸெரா..."

"ஞாயித்துக்கிழமை மால்டாவுக்கு எனக்கு டிக்கெட் போட்டிருக்கு. சின்னப் பொண்ணுக்கு இன்னும் சொல்லலை." அவ என் கைப்பையைக் காட்டினா. "மன்னிப்பெல்லாம் அப்புறம். காகிதம் நாளைக்குத்தான் போகுது. இப்ப போன் போடுங்க. எனக்குக் கேக்கணும்."

போட்டேன். ஸ்பீக்கர்ல வச்சேன். நாலாவது மணியில ஸ்லாவ்கோ எடுத்தான்.

"ஸ்லாவ்கோ, தண்ணி கம்பெனிக்கு இன்னைக்கே எழுது. தப்பு ஸ்பாசியாவோடதுன்னு எழுது. நீ எழுதலேன்னா நானே எழுதிடுவேன், அவங்க நம்பர்தான் என்கிட்ட இருக்கே."

"அக்கா, என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? நான் அவங்களுக்கு ஒரு ஆளை நீக்கிட்டேன்னு சொல்லியாச்சு. அது நீன்னா, நீதான் போகணும்."

"தெரியும்."

"நாளைக்கு வா, நேர்ல பேசிக்கலாம்."

"நாளைக்கு நான் வரலை. பிஸெரா வருவா. ஒப்பந்தத்தை எடுத்து வை."

"சரி"ன்னுட்டு அவன் வச்சுட்டான். பிஸெரா எழுந்து போய், பெட்டியிலேர்ந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்து, பிரிச்சு, நாற்காலி மேல போட்டா. அப்புறம் இன்னொண்ணை எடுத்தா. நான் வாசல் வரைக்கும் போய் நின்னு பார்த்தேன். மன்னிச்சுட்டேன்னு அவ கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.